‘அன்யூஷுவல்’: மலையில் வாழ்பவர்களுக்கு ஓர் ஆங்கிலச் சொல், படிப்படியாக

ஜனவரி மாத விடியலில் ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தலைகுந்தா புல்வெளி முழுக்க உறைபனி படிந்து கிடக்கும். மும்பையிலிருந்து வந்த குடும்பம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கும், புல்லைத் தொட்டுப் பார்க்கும், ஓட்டுநரிடம் ‘இஸ் திஸ் அன்யூஷுவல்?’ (இது வழக்கத்துக்கு மாறானதா?) என்று கேட்கும். ‘நோ சார், இன் ஜனவரி இட் இஸ் யூஷுவல் ஹியர்’ என்பதுதான் சரியான பதில். ஆனால் பல பேர் ‘யெஸ் சார், வெரி அன்யூஷுவல்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டவரின் வியப்புக்கு ஒத்து ஊதுவது மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் தகவல் தப்பாகிவிடுகிறது. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, பிப்ரவரி வரை உறைபனி விழுவது நீலகிரியின் இயல்பு.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள், காட்டேஜ் நடத்துகிறவர்கள், காட்டுக்குள் வழிகாட்டியாகப் போகிற இளைஞர்கள், ஆங்கிலத்தில் புராஜெக்ட் எழுதுகிற கல்லூரிப் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் இல்லை. ஒரு கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்பது அன்யூஷுவல். அதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகத் தம் இடத்தில் போய் உட்காரும்.

முதல் படி: ‘எது வழக்கம்’ என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படிதான் முக்கியம். இதைத் தாண்டாமல் கீழே போக வேண்டாம்.

அன்யூஷுவல் என்ற சொல் தனியாக நிற்காது. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு ‘வழக்கம்’ இருக்கும். யாருடைய வழக்கம், எந்த ஊரின் வழக்கம், எந்த மாதத்தின் வழக்கம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் அந்தச் சொல்லை வாயில் எடுக்கலாம்.

குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை மேய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வந்தவருக்கு அது வாழ்நாள் காட்சி. குன்னூரில் இருப்பவருக்கு அது தினசரி நடப்பு. வீட்டு வாசலில் நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு அது போகட்டும் என்று காத்திருப்பார். ஆகவே அங்கே நின்றுகொண்டு ‘இட் இஸ் அன்யூஷுவல்’ என்றால் பொய். ‘இட் இஸ் நாட் அன்யூஷுவல் டு சீ அ கௌர் ஹியர்’ என்றால் மெய். காட்டெருமைக்கு ஆங்கிலத்தில் சரியான பெயர் கௌர். எல்லோரும் பைசன் என்கிறோம், பயணிகளுக்கும் அது புரியும். ஆனால் பைசன் என்ற பெயர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வேறு விலங்கினுடையது.

யானைக்கு வாருங்கள். பலாப்பழக் காலத்தில் கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் வருவது வழக்கம். கூடலூர், முதுமலைப் பக்கம் கேட்கவே வேண்டாம். அதே யானை ஊட்டி நகரத்துக்குள் வந்து நின்றால் அது அன்யூஷுவல். விலங்கு ஒன்றுதான், மாவட்டமும் ஒன்றுதான். உயரமும் இடமும் மாறியதால் சொல்லும் மாறிவிட்டது.

வெயிலும் அப்படித்தான். 29 டிகிரி செல்சியஸ் என்றால் மேட்டுப்பாளையத்தில் விசிறி கூடப் போட மாட்டார்கள். ஆனால் 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் வெப்பம் 29 டிகிரியை எட்டியபோது நாளிதழ்கள் எல்லாம் எழுதின. அந்தப் பருவத்தின் வழக்கத்தைவிடச் சுமார் 5 டிகிரி கூடுதல் அது. ‘ஊட்டி வாஸ் அன்யூஷுவலி ஹாட்’ என்று எழுத இதைவிட நல்ல தருணம் கிடையாது.

இனி, நம்மில் பலர் தடுமாறும் இடம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் பொதுவான செல்வம் இது. கொடைக்கானலில் இருப்பவர்களும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். இந்தப் பூப்பு அன்யூஷுவலா? பார்க்கக் கிடைப்பது அரிது, அதனால் அது ரேர். ஆனால் 12 ஆண்டு என்பதுதான் அந்தச் செடியின் வழக்கம். அது தன் கணக்கைப் பிசகாமல் பூக்கிறது. 2018-இல் பூத்த அதே சரிவில் 2023-இல் பூத்திருந்தால்தான் அன்யூஷுவல். அரிதாக நடப்பதும் வழக்கத்துக்கு மாறாக நடப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இரண்டாம் படி: வாயில் சரியாக வரட்டும்

அன்-யூ-ஷுவல். அழுத்தம் நடுவில் உள்ள ‘யூ’ மேல் விழ வேண்டும். நாம் பெரும்பாலும் ‘அன்யூஸ்வல்’ என்று ஸ போட்டு முடித்துவிடுகிறோம். அங்கே இருப்பது ஸ-வும் இல்லை, ‘ஷாப்’பில் வரும் ஷ-வும் இல்லை. டெலிவிஷன், மெஷர் என்ற சொற்களின் நடுவில் வருகிற, தொண்டை அதிரும் ஒலி. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும்.

இந்த உச்சரிப்போடு ஒட்டியே ஒரு இலக்கணமும் வருகிறது. ‘யூஷுவல்’ என்ற சொல் எழுத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் வாயில் யகர ஒலியில் தொடங்குகிறது. அதனால் ‘அ யூஷுவல் டே’ என்றுதான் வரும். முன்னால் ‘அன்’ ஒட்டிக்கொண்டவுடன் தொடக்கம் உயிர் ஒலியாகிவிடுகிறது. ஆகவே ‘ஆன் அன்யூஷுவல் டே’. யூனிக் என்ற சொல்லும் யகரத்தில் தொடங்குவதால் ‘அ யூனிக் ட்ரெயின்’ என்பதே சரி. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டால் இது ஒருநாளும் தவறாது.

மூன்றாம் படி: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவது எளிது: ‘ஐ ஹேர்ட் ஆன் அன்யூஷுவல் சவுண்ட்’. இதில் யாரும் தவறுவதில்லை.

சம்திங், எனிதிங், நத்திங் ஆகியவற்றோடு வரும்போது மட்டும் இடம் மாறிப் பின்னால் போகும். ‘டிட் யூ சீ எனிதிங் அன்யூஷுவல்?’ இரவில் கரடி நடமாட்டம் உள்ள இடத்தில் காட்டேஜ் நடத்துகிறவர் காலையில் விருந்தினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘அன்யூஷுவல் எனிதிங்’ என்று தமிழ் வரிசையில் சொல்லிவிடக் கூடாது.

ஒருவரோ ஒன்றோ ஒரு செயலைச் செய்வது வழக்கமில்லை என்று சொல்ல, ‘இட் இஸ் அன்யூஷுவல் ஃபார்’ என்று தொடங்கி, யார் என்பதைச் சொல்லி, ‘டு’ போட்டு வினையைச் சேர்க்க வேண்டும். ‘இட் இஸ் அன்யூஷுவல் ஃபார் எலிஃபன்ட்ஸ் டு கம் இன்டு ஊட்டி டவுன்.’ இந்த அமைப்பை வாய்விட்டுப் பல முறை சொல்லிப் பழகுங்கள். பேச்சிலும் எழுத்திலும் அதிகம் கைகொடுப்பது இதுதான்.

‘நாட் அன்யூஷுவல்’ என்பதைத் தனியாகக் கவனியுங்கள். இரண்டு எதிர்மறை சேர்ந்து ‘சகஜம்தான்’ என்ற பொருள் தருகிறது. ‘ஹெவி மிஸ்ட் இஸ் நாட் அன்யூஷுவல் இன் ஜூலை’ என்றால், ஜூலையில் கடும் மூடுபனி இருப்பதுண்டு, பயப்பட வேண்டாம் என்று பொருள். ‘யூஷுவல்’ என்று நேராகச் சொன்னால் எப்போதும் அப்படித்தான் என்றாகிவிடும். ‘நாட் அன்யூஷுவல்’ என்றால் அவ்வப்போது நடக்கக்கூடியதுதான் என்று மட்டும் ஆகும். பயணிகளின் கலக்கத்தைத் தணிக்க மிக நல்ல தொடர்.

‘அன்யூஷுவலி’ என்பது வினையடை. பெரும்பாலும் இன்னொரு பெயரடையைத் தாங்கி வரும்: அன்யூஷுவலி கோல்ட், அன்யூஷுவலி கொயட். ‘அன்யூஷுவலி ஃபார் மே, தி லேக் வாஸ் எம்ப்டி’ என்பதுபோல வாக்கியத்தின் தலையிலும் வரலாம். மே மாதத்தில் கோடை சீசன் உச்சத்தில் இருக்கும்போது ஊட்டி ஏரியில் ஆள் இல்லை என்றால் அது வழக்கத்துக்கு மாறுதானே.

நான்காம் படி: தமிழில் நினைப்பதால் வரும் தவறுகள்

‘எனக்கு இந்தக் குளிர் வழக்கமில்லை’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ‘ஐ ஆம் அன்யூஷுவல் டு திஸ் கோல்ட்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். இதைக் கேட்கும் ஆங்கிலக்காரருக்கு முதலில் விழும் பொருள், ‘நான் ஒரு மாதிரியான ஆள்’ என்பதுதான். நாம் சொல்ல வந்தது பழக்கமின்மை. அதற்கு ஆங்கிலம் வேறு பாதையில் போகிறது: ‘ஐ ஆம் நாட் யூஸ்ட் டு திஸ் கோல்ட்’. தமிழில் வழக்கமும் பழக்கமும் கைகோத்து நடக்கும். ஆங்கிலத்தில் உலகத்தின் வழக்கத்துக்கு யூஷுவல், ஓர் ஆளின் பழக்கத்துக்கு யூஸ்ட் டு என்று பிரித்துவிட்டார்கள்.

இன்னொன்று, ‘அவர் வழக்கமாக லேட்டாக வரமாட்டார்’ என்பதை ‘அன்யூஷுவலி ஹீ கம்ஸ் லேட்’ என்று ஆக்குவது. சரியான வாக்கியம், ‘ஹீ டஸ் நாட் யூஷுவலி கம் லேட்’. எதிர்மறை வினையில்தான் இருக்க வேண்டும், வினையடைக்குப் போகக் கூடாது.

மூன்றாவதாக, அசாதாரணம் என்ற சொல். தமிழில் ‘அசாதாரணமான மனிதர்’ என்றால் பாராட்டு. அன்யூஷுவல் அப்படி இல்லை. அது நல்லது கெட்டது சொல்லாமல் நடுவில் நிற்கும். பாராட்ட வேண்டுமானால் எக்ஸெப்ஷனல், எக்ஸ்ட்ராஆர்டினரி என்ற சொற்களுக்குப் போக வேண்டும். சில நேரம் அன்யூஷுவல் மறைமுகமான மறுப்பாகவும் வரும். நீங்கள் வைத்த குழம்பைச் சுவைத்துவிட்டு விருந்தினர் ‘இட்ஸ் அன்யூஷுவல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிடிக்கவில்லை என்பதை நாசூக்காகச் சொல்கிறார் என்று கொள்ளலாம். அடுத்த வேளை தோசை போடுங்கள்.

ஐந்தாம் படி: சொந்தக்காரச் சொற்களைப் பிரித்தறியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே அளவில் விளக்கத் தேவையில்லை. குழப்பம் எங்கே அதிகமோ அங்கே கொஞ்சம் நின்று போவோம்.

அன்காமன் என்பது எண்ணிக்கையைப் பற்றியது. எத்தனை கிடைக்கும், எத்தனை முறை கண்ணில் படும் என்பதே அதன் கேள்வி. பறவை பார்க்கிறவர்கள் தங்கள் பட்டியலில் காமன், அன்காமன், ரேர் என்று படிப்படியாகக் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரிச் சிரிப்பானை எடுத்துக்கொள்வோம். உலகில் நீலகிரியின் மேட்டுப் பகுதியை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை. ஆனால் ஊட்டித் தோட்டங்களில் அதன் குரல் சாதாரணமாகக் கேட்கும். ஆகவே ஊட்டியில் அது காமன். உலக அளவில் பார்த்தால் எண்டெமிக், அதாவது ஓரிடத்துக்கே உரியது. வழிகாட்டியாகப் போகிற தம்பி தங்கைகள் இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால், வந்தவர்கள் உங்களை மதிப்பார்கள்.

ஏடிபிகல் என்பது கொஞ்சம் படிப்பு வாசனை உள்ள சொல். முதலில் உள்ள ‘ஏ’ நெடில்: ஏ-டிபிகல். ஒரு வகைக்கு என்று ஒரு மாதிரி வடிவம் இருந்து, அதோடு பொருந்தாமல் ஒன்று இருந்தால் அது ஏடிபிகல். முன்னால் ஒட்டியிருக்கும் அந்த எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்த எதிர்மறை. அசாதாரணம், அநியாயம் என்ற சொற்களின் முன்னால் நிற்கும் வடமொழி அகரமும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. இந்த உறவை நினைவில் வைத்தால் சொல் மறக்காது. மருத்துவத்தில் இது அதிகம் புழங்கும். 2003-இல் சார்ஸ் நோய் பல நாடுகளுக்குப் பரவிய நாட்களில் அதை ஏடிபிகல் நிமோனியா என்றே குறிப்பிட்டார்கள், வழக்கமான நிமோனியாவின் போக்கில் அது இல்லாததால். உங்கள் வீட்டில் யாருக்காவது பரிசோதனை அறிக்கையில் ‘ஏடிபிகல் செல்ஸ்’ என்று வந்தால், செல்கள் வழக்கமான தோற்றத்தில் இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தச் சொல் ஒன்றே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பதறாமல் மருத்துவரிடம் போய் மேற்கொண்டு என்ன பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பெயரடையின் பொருள் தெரியாததால் ஒரு குடும்பமே இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அன்கேரக்டரிஸ்டிக் ஒருவரின் குணத்தோடு ஒட்டியது. எப்போதும் பொறுமையாக இருக்கும் பெரியவர் ஒருநாள் கத்திவிட்டால், ‘இட் வாஸ் அன்கேரக்டரிஸ்டிக் ஆஃப் ஹிம்’. ஃபார் இல்லை, ஆஃப். ஏடிபிகல் என்பதற்கும் பின்னால் ஆஃப் தான் வரும்.

அப்நார்மல் என்ற சொல்லைக் கையாளும்போது ரொம்பக் கவனம் வேண்டும். இது அளவுகோலின் சொல். ரத்தப் பரிசோதனை, இதயத்துடிப்பு, இயந்திரத்தின் சத்தம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். மனிதரைச் சுட்டி இதைச் சொல்லவே கூடாது. மாற்றுத்திறனாளி ஒருவரையோ, மெதுவாகக் கற்கும் ஒரு குழந்தையையோ ‘அப்நார்மல்’ என்பது காயப்படுத்தும் பேச்சு. நம் ஊரில் இன்னமும் இதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நிறுத்த வேண்டும்.

மழைக்கும் இந்தச் சொல் வேண்டாம். வானிலைத் துறையின் கணக்கில் நார்மல் என்பது நீண்டகாலச் சராசரி. ஒரு மாவட்டத்தின் மழை அந்தச் சராசரியைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் நார்மல் என்றே எழுதுவார்கள். 20 சதவீதத்திலிருந்துதான் எக்ஸெஸ் (கூடுதல்) அல்லது டெஃபிஷியன்ட் (பற்றாக்குறை). ஆகவே ‘அபவ் நார்மல் ரெயின்’, ‘பிலோ நார்மல் ரெயின்’ என்று எழுதுவதே முறை. ஒரே நாள் மழைக்கு வேறு வரிசை உண்டு. 24 மணி நேரத்தில் 20.45 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி என்பார்கள். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 82 செ.மீ. பதிவானது. அந்த அளவின் நான்கு மடங்கு. அதை வெறுமனே அன்யூஷுவல் என்று சொன்னால் சொல் போதாது. பாராட்டாக இல்லாமல், வழக்கத்தை வெகுவாக மீறியது என்ற பொருளில் எக்ஸெப்ஷனல் பொருந்தும். அன்ப்ரெசிடென்டட் என்று எழுதுவதற்கு முன் மட்டும் ஒருமுறை யோசியுங்கள். அதற்கு ‘இதற்கு முன் நடந்ததே இல்லை’ என்று பொருள். பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்தான் அதை எழுத உரிமை உள்ளவர். பத்திரிகைகளில் இந்தச் சொல் அளவுக்கு மீறிப் புழங்குகிறது என்பது என் கருத்து.

யூனிக் என்றால் ஒன்றே ஒன்று. அதற்கு அளவு கிடையாது, எனவே ‘வெரி யூனிக்’ வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. ஏறும் நம் மலை ரயிலுக்கு இந்தச் சொல் நூறு சதவீதம் பொருந்தும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாள நடுவில் உள்ள பல்சட்டத்தில் சக்கரத்தின் பல் பதிந்து ஏறும் இந்த ஏற்பாடு இந்தியாவில் வேறெந்த ரயில் பாதையிலும் இல்லை. 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் ஊட்டியைத் தொட்டது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ‘இட் இஸ் யூனிக் இன் இண்டியா’ என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட் மூன்றுக்கும் ‘ஒரு மாதிரி’ என்ற வாடை உண்டு. தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு, விருந்தினரை அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அரைவட்ட வளைவுக் கூரையோடு, குனிந்து நுழையும் சின்ன வாசலோடு இருக்கும் அந்தக் கட்டடத்தை ‘ஸ்ட்ரேஞ்ச் ஹட்’ என்று அறிமுகப்படுத்தினால், அங்கே நின்று கேட்கும் தோடர் பெரியவருக்கு எப்படி இருக்கும்? ‘டிஸ்டிங்டிவ்’ என்று சொல்லுங்கள். தனக்கென்று அடையாளம் உள்ளது என்று பொருள். அல்லது ‘பெக்யூலியர் டு தி நீலகிரிஸ்’ என்று சொல்லலாம். பெக்யூலியர் தனியாக நின்றால் விசித்திரம், பின்னால் ‘டு’ சேர்ந்தால் ‘இந்த மண்ணுக்கே உரியது’. ஒரு சின்ன இடைச்சொல் எவ்வளவு தூரம் பொருளைத் திருப்புகிறது பாருங்கள்.

ஆறாம் படி: கையில் பேனாவோடு பழகுங்கள்

உங்கள் ஊரிலிருந்தே வாக்கியங்களை எடுங்கள். பாடப்புத்தகத்து ஜான், மேரி வேண்டாம். தினம் ஒன்று எழுதினால் போதும். இன்று நான் கண்டது என் ஊரின் வழக்கமா, வழக்கத்துக்கு மாறா, அரிதா, இங்கே மட்டும் உள்ளதா என்று கேட்டு, அதற்கான சொல்லைத் தேர்ந்தெடுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இருந்தால் காட்டுங்கள்.

தொடங்குவதற்குச் சில சூழல்கள் தருகிறேன். முதலில் நீங்களே யோசித்துவிட்டு, அப்புறம் கீழே உள்ள விடையைப் பாருங்கள்.

ஏப்ரல் நடுவில் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகிவிட்டது. 2030-இல் குறிஞ்சி பூக்கப் போகிறது. கேரட் விலையை எப்போதும் கறாராகப் பேசும் வியாபாரி இன்று பேரமே பேசாமல் வாங்கிப் போகிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்த நண்பருக்குக் குளிர் பழக்கமில்லை. ஜூலையில் கூடலூரில் விடாமல் மழை பெய்கிறது.

முதலாவது, ‘ஃப்ராஸ்ட் இன் மிட்-ஏப்ரல் இஸ் அன்யூஷுவல்’. இரண்டாவதற்கு ரேர், அன்யூஷுவல் இல்லை. மூன்றாவது குணத்தைப் பற்றியது என்பதால் ‘அன்கேரக்டரிஸ்டிக் ஆஃப் ஹிம்’. நான்காவது, ‘ஹீ இஸ் நாட் யூஸ்ட் டு தி கோல்ட்’. ஐந்தாவதில் தென்மேற்குப் பருவமழை தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்: ‘நத்திங் அன்யூஷுவல்’.